பானை நடக்கிறது

எங்கள் அடுப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை தண்ணீர் கொதிக்க வைத்திருந்தது. ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. தண்ணீரும் எந்தக் குறையும் சொல்லவில்லை.

இந்தச் சாதனை முழுவதும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் நிகழ்ந்தது. கீழே கல்யாணக் கூறைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் மேற்கு ஆபிரிக்காவின் புகையை ஒழித்துக்கொண்டிருப்போம். நாங்கள் என்றால் இரண்டு பேர். அடுப்பைச் செய்த பொறியியலாளர் டிலக்ஷி அக்கா ஒருவர். அவர் செய்ததை அளந்து எழுதுகிற சாந்தன், அதாவது நான், மற்றவன். பட்டம் முடித்து ஏழு மாதம். பதவியின் பெயர் தரவு அலுவலர். ஆயுதங்கள் ஒரு வெப்பமானியும் ஒரு தராசும்.

அடுப்பு பிறந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், கேஸ் சிலிண்டருக்காகக் கொழும்பே வரிசையில் நின்ற நாட்களில். ஐந்தாம் மாடி பல்கனியில் விறகு எரித்து அயலவர் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய டிலக்ஷி அக்கா, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள் எரியும் அடுப்பு ஒன்றைத் தானே செய்தார். அடியில் ஒரு சின்ன விசிறி. அதை ஓட்ட ஒரு பெற்றறி. பெற்றறிக்குச் சோறு போட, கூரையில் ஒரு சூரியத் தகடு. மிச்ச மின்சாரத்தில் ஒரு விளக்கும் இரண்டு போனும். புகை கிடையாது. கேஸ் திரும்பி வந்த அன்று கொழும்பு அந்த அடுப்பை மறந்துவிட்டது. ஆனால் கானாவில் யாரோ அதைப் பற்றி வாசித்துவிட்டார்கள்.

வோல்ட்டா ஆற்றுப் பக்கம் நாலு கிராமங்கள். அங்கே பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. அதன் தலைவி எஸெனாம் என்ற அம்மையார். இருபது அடுப்பை மூன்று மாதம் பரீட்சித்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நானூறு வீடுகளுக்கு எடுப்பார்கள். பிடிக்காவிட்டால், வேறொரு நாட்டுக்காரரின் அடுப்பு வாசலில் காத்துக்கொண்டு நின்றது. டிலக்ஷி அக்காவுக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றது பம்பலப்பிட்டியில் ஒரு லிஃப்ட் கம்பனி. பழைய வேலையை ஜனவரி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் வேலை பிழையில்லை. ஏறும், இறங்கும். நாலு வருடம் நெருப்போடு இருந்தவருக்கு அதில் வேறு புதுமை தெரியவில்லை.

மூன்று மாதப் பரீட்சையின் முடிவு இரண்டு பகுதியாக வந்தது. சூரியத் தகடு பெருவெற்றி. விளக்கு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், ஊரிலுள்ள போன்கள் எல்லாம் நூறு வீதத்தில் நிற்கின்றன. அடுப்பு மட்டும் அநேக வீடுகளில் காலையில் இருபது நிமிடம் தேத்தண்ணிக்குச் சூடாகிறது. பிறகு நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே நாங்கள் பொருத்திய உணரி அப்படித்தான் எழுதி அனுப்பியது. பிரதான சாப்பாடு இன்னமும் கரியடுப்பில்தான். காரணம் என்ன என்று கேட்டோம். எஸெனாம் அம்மையார் ஒரே வரியில் பதில் போட்டார்: “அக்ப்ளே கிண்டும்போது பானை நடக்கிறது.”

அக்ப்ளே என்பது சோளமாவைக் கொதிநீரில் கொட்டிக் கிண்டுகிற களி. அங்கே அதுதான் சோறு. இதைத் தேடி அறிந்தோம். அறிந்த கையோடு விஞ்ஞான முறைப்படி ஒரு பானை சோறு சமைத்துப் பார்த்தோம். பானை நடக்கவில்லை. பருப்பு வைத்தோம். அதுவும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுபேர் வீட்டிலும் களி கிண்டும் வழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் கிளறப்படுவது பழைய சண்டைகள் மட்டும். எனவே நிலம் மேடுபள்ளமாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அடியில் ஒட்ட, அடுப்புக்கு நாலாக எண்பது ரப்பர்க் குமிழ்களை விமானத்தில் அனுப்பிவைத்தோம்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. “நன்றி. ரப்பர் அழகாக இருக்கிறது. பானை இன்னும் நடக்கிறது. வீடியோ இணைத்திருக்கிறேன்.”

பதினாலு வினாடி வீடியோ. மங்கிய வெளிச்சம், ஒரே ஆவி. ஒரு பெண் எங்கள் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அந்தப் பெண் தன் வலது காலை இடுப்பளவுக்குத் தூக்கி, பொங்கிக்கொண்டிருக்கும் பானையில் வைக்கிறாள். வீடியோ முடிகிறது.

டிலக்ஷி அக்கா அதை நாலு தடவை பார்த்தார். பிறகு மடிக்கணினியை மூடினார்.

“காலால மிதிக்கினம், சாந்தன்.”

“ஓம் அக்கா.”

“சாப்பாட்டுப் பானையை.”

எங்கள் வீடுகளில் தவறுதலாகக் கால் புத்தகத்தில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். பானையில் காலை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றால் அந்த அடுப்பைப் பற்றி அதற்கு மேல் எந்த அறிக்கையும் தேவையில்லை. அறிக்கைப் புத்தகத்தில் ‘பயனாளர் அதிருப்தி, கடுமையானது’ என்று எழுதிக்கொண்டேன்.

இது ஒக்டோபரில். டிசம்பர் இரண்டாம் கிழமை எஸெனாம் அம்மையாரே கொழும்புக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. ஏதோ மாநாட்டுக்கு வருபவர், வியாழக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்து எங்கள் அடுப்பில் தன் கையால் அக்ப்ளே கிண்டுவார். அன்றைக்கே முடிவு சொல்வார்.

இனி றோஸி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்கள் சோதனைச் சமையற்காரி. கொட்டாஞ்சேனையிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் பஸ்ஸில் வந்து, நாங்கள் நிறுத்துக் கொடுத்த அரிசியை நாங்கள் நிறுத்துக் கொடுத்த குச்சியில் சமைத்துவிட்டுப் போவார். நாற்பது வயதிருக்கும். கைகள் துறைமுகத்துக் கைகள் போல இருக்கும், அங்கே வேலை செய்வது அவர் கணவர் என்றாலும். சோதனை விதிப்படி, சமைப்பவருக்கு வெளிநாட்டுப் பரீட்சையின் விபரம் எதையும் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும், தரவு கெட்டுவிடும். ஆகவே ஆறு கிழமையாக அந்த வீடியோவை நாங்கள் றோஸி அக்காவின் கண்ணில் படாமல் பத்திரமாகப் பாதுகாத்தோம்.

வியாழனுக்கு முந்திய திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் அந்த விதியை மீறினேன். டிலக்ஷி அக்கா மொட்டை மாடியில் லிஃப்ட் கம்பனியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். றோஸி அக்கா சோறு வேகும்வரை சும்மா இருந்தார். என்னிடமும் மீறுவதற்கு வேறு விதி இருக்கவில்லை.

“அக்கா, இதைப் பாருங்கோ. எங்கட அடுப்புக்கு அங்க கிடைக்கிற மரியாதை.”

றோஸி அக்கா ஒரு தடவைதான் பார்த்தார்.

“ஆர் தம்பி சொன்னது இது மிதிக்கிறது எண்டு?”

“பின்ன என்ன, கும்பிடுறாவா?”

“தடி தெரியல்லயா உங்களுக்கு? பானைக் காதுக்குள்ள தடி செருகியிருக்கு. தடிக்கு மேலதான் கால். இது புடிக்கிறது. நம்மட மனுசன் ஒஸ்வால்ட் தாச்சிய இப்பிடித்தான் புடிப்பார்.”

“எந்தத் தாச்சி?”

“தொதல் தாச்சி. நத்தாருக்கு நாப்பது கிலோ கிண்டுறம், நாளைக்குத் துவக்கம். இறுகி வரக்குள்ள தாச்சி சுத்தும் தெரியுமா, பேய் புடிச்ச மாதிரி. ஒராள் காலால அமத்திப் புடிச்சாத்தான் மத்த ஆள் கிண்டலாம்.” தொதல் என்றால் அரிசிமாவையும் தேங்காய்ப் பாலையும் அல்வாபோல இறுகக் கிண்டும் கிறிஸ்மஸ் பலகாரம்; தாச்சி அதற்கான பெரிய இரும்புச் சட்டி. அவர் வீடியோவை நிறுத்தி அந்தப் பெண்ணைக் கூர்ந்து பார்த்தார். “பாவம். தனிய நிக்கிறா. அவவே புடிச்சு அவவே கிண்டுறா. உங்கட அடுப்பும் உசரம். கால எவ்வளவு மேல தூக்குறா பாருங்க. இடுப்பு போயிரும்.”

டிலக்ஷி அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் சொன்னேன். அவர் வீடியோவைப் பார்த்தார். றோஸி அக்காவைப் பார்த்தார்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீங்க காட்டல்லயே மிஸ்.”

“விதி,” என்றேன் நான்.

டிலக்ஷி அக்கா என்னைப் பார்த்த பார்வையைத் தரவாக எழுத முடியாது.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் தொதல் கிண்டுறீங்கள்?” என்று மட்டும் றோஸி அக்காவிடம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அடுப்பை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வயர் தொங்கும் ஓர் இரும்பு உருளையை மடியில் வைத்துக்கொண்டு, நத்தார்க் காலத்தில், குண்டு வெடிப்பை இன்னும் மறக்காத, தேவாலயங்கள் நிறைந்த கொட்டாஞ்சேனைக்குள் நுழையும் தமிழ்ப் பெடியன் என்ற காட்சியின் அழகு, பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை.

“மே மொகத மல்லி?” இது என்ன என்று கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். கூட வந்த மற்றப் பொலிஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“லிபக், சேர்.” அடுப்பு என்றேன். என் குரல் எனக்கே அடுப்பு போலக் கேட்கவில்லை.

டிலக்ஷி அக்கா இறங்கி, வீதியோரத்தில் ஒரு கைப்பிடி குச்சியைப் போட்டுப் பற்றவைத்துக் காட்டினார். நீலச் சுடர் வந்தது. பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். புகையைத் தேடினார். கேஸ் இல்லாமலா என்று கேட்டார். கேஸ் இல்லாமல்தான் என்றோம். தள்ளி நின்றவரும் கிட்ட வந்தார். கடைசியில் மறித்தவர் தன் மனைவியின் போன் நம்பரைத் தந்து, விற்பனைக்கு வரும்போது சொல்லச் சொன்னார். அடுப்பின் முதலாவது உள்ளூர் ஓடர் அதுதான். அதையும் எழுதிக்கொண்டேன்.

றோஸி அக்காவின் வீட்டுப் பின்வளவில் செங்கல் அடுப்பு ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் குளிக்கும் தொட்டியளவு தாச்சி. அவர் கணவர் ஒஸ்வால்ட் அண்ணன் துறைமுகத்தில் வெல்டிங் வேலை. லீவு போட்டுவிட்டு, தாச்சிக் காதில் செருகிய இரும்புக் கம்பியில் ஒரு காலை வைத்து, வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். நிற்கும் விதம் அச்சொட்டாக வீடியோதான்.

“இதுவா அந்த ஆபிரிக்க அடுப்பு?” என்றார். “சின்னப்பிள்ளைட குடம் மாதிரி இரிக்கு.”

“சும்மா இரிங்க,” என்றார் றோஸி அக்கா. “மிஸ் கேக்கிறா.”

சின்னத் தாச்சியில் ஐந்து கிலோவுக்கு அரிசிமா, சீனி, தேங்காய்ப் பால். எங்கள் அடுப்பில் ஏற்றினோம். நான் அடுப்பைச் சுற்றிச் சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டு, நேரத்தைக் குறித்தேன். முதல் நாற்பது நிமிடம் பால் பால்தான். எந்தப் பிரச்சினையும் இல்லை. டிலக்ஷி அக்கா மெல்லச் சிரிக்கவும் தொடங்கினார். எழுபதாவது நிமிடத்தில் தொதல் இறுகியது. றோஸி அக்கா துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். தாச்சியும் கூடவே சுற்றியது.

பானை நடந்தது. இத்தனை மாதமாக வெள்ளவத்தையில் அசையாதிருந்தது, கொட்டாஞ்சேனையில் இரண்டு விரற்கடை நடந்தது. நான் மகிழ்ச்சியோடு எழுதினேன். ஒரு பிழையை நேரில் காண்பதுபோல வராது.

“கம்பிய தாங்க,” என்று ஒஸ்வால்ட் அண்ணன் தாச்சிக் காதில் கம்பியைச் செருகி, காலைத் தூக்கி ஊன்றினார். தாச்சி நின்றுவிட்டது. றோஸி அக்கா இன்னும் பலமாகக் கிண்டினார். இப்போது தாச்சி நின்ற இடத்தில் நிற்க, அடியிலிருந்த அடுப்பு கழன்று நடக்கத் தொடங்கியது. நான் அறிவிப்பதற்குள் எல்லாம் சரிந்தது. ஒஸ்வால்ட் அண்ணன் துவாயால் தாச்சியைப் பிடித்தார். மூன்றில் ஒரு பங்கு தொதல் வளவில் கிடந்தது.

றோஸி அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஹெந்தளைக்கு விக்கிற ஓடர் அது,” என்றார்.

டிலக்ஷி அக்கா போய், சுவரோடு கிடந்த திருவலையில் குந்திவிட்டார். தேங்காய் திருவுகிற பலகைதான். நாலு வருடத்து வேலை கவிழ்ந்து கிடக்கும்போது எந்தப் பலகை என்று பார்த்து உட்கார முடியாது.

“செங்கல் அடுப்பு கனம். அதால நடக்காது,” என்று அவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். “இதுக்குக் கனம் ஏத்தினா அங்க ஆரும் தூக்கேலாது. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு.”

வானொலியில் ஒரு விக்கெட் விழுந்தது. ஒஸ்வால்ட் அண்ணன் மரியாதை கருதி அதற்கு முகத்தைக் காட்டவில்லை.

றோஸி அக்காவுக்குத் துக்கம் கொண்டாட நேரமில்லை. கொட்டியதற்குப் பதிலாக வேறு கிண்டவேண்டும், அதற்குப் பால் வேண்டும், பாலுக்குத் தேங்காய் திருவவேண்டும்.

“மிஸ், கொஞ்சம் எழும்புறீங்களா, திருவல வேணும்.”

மிஸ் எழும்பவில்லை. கேட்கவில்லை போலிருந்தது. றோஸி அக்கா திருவலையின் முனையைப் பிடித்து இழுத்தார். நாற்பது கிலோ தொதல் கிண்டுகிற கை. திருவலை அசையவில்லை.

டிலக்ஷி அக்கா குனிந்து தனக்குக் கீழேயிருந்த பலகையைப் பார்த்தார்.

“இன்னொருக்கா இழுங்கோ.”

“என்ன?”

“இழுங்கோ, றோஸி அக்கா. பலமா.”

றோஸி அக்கா என்னைப் பார்த்தார். மிஸ்ஸுக்கு வெயில் பிடித்துவிட்டதா என்ற பார்வை. பிறகு இழுத்தார். பலகை இரண்டு கிலோவும் இருக்காது. அசையவில்லை.

“நான் இருக்கிறன். அதுதான்,” என்றார் டிலக்ஷி அக்கா. “சமைக்கிற ஆளுக்கே ஐம்பது அறுபது கிலோ கனம் இருக்கு. அது அடுப்புக்குப் பக்கத்தில சும்மா நிக்குது. நான் போய் இரும்பைத் தேடுறன்.”

அவர் எழும்பி, நான் போட்ட சோக்கட்டிக் கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கீறத் தொடங்கினார். பானையின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். வளையத்திலிருந்து மூன்று கால், அடுப்பையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்துக்கு வரவேண்டும். முன்னிரண்டு கால்களின் அடியில் பாதமளவு தகடு. சமைப்பவர் அந்தத் தகடுகளில் ஏறி நிற்பார். காலைத் தூக்கத் தேவையில்லை. பிடிக்க இன்னொரு ஆளும் தேவையில்லை.

ஒஸ்வால்ட் அண்ணன் தாச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“இரும்பு எவ்வளவு தடிப்பு?”

“உங்களிட்ட என்ன இருக்கு?”

“ஹாபரில வேல செய்றவனிட்ட கேக்கிற கேள்வியா இது,” என்றார் அவர்.

புதன்கிழமை மாலைக்குள் சட்டகம் தயார். அதில் றோஸி அக்கா ஏறி நின்று மூன்று கிலோ தொதல் கிண்டினார். பானை ஒரு மில்லிமீற்றர் நகரவில்லை. ஒஸ்வால்ட் அண்ணன் ஏறி நின்று, தேவைக்கு அதிகமாகவே கிண்டினார். அசையவில்லை. நான் ஏறப் போனேன். இரும்பை அநியாயமாக்க வேண்டாம் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தையில் மழை. சூரியன் கடமைக்கு வரவில்லை. பெற்றறி அறுபது வீதத்தில் நின்றது. பத்து மணிக்கு எஸெனாம் அம்மையார் படியேறி வந்தார். ஒல்லியான உருவம், மூக்குக்கண்ணாடி. சங்கத்துக்கு முன் கணித ஆசிரியையாக இருந்தவராம். கைப்பையிலிருந்து ஒரு பை சோளமாவும் முழ நீளத் துடுப்பும் எடுத்தார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் துடுப்பைப் பார்த்து யாரோ நீங்கள் என்ன விளையாட்டு என்று கேட்டார்களாம். அதைச் சிரிக்காமல் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை, தன் இரண்டு போன்களையும் எங்கள் பெற்றறியில் சார்ஜுக்குப் போட்டது.

“ஊரில் இப்படித்தான் நடக்கும்,” என்றார் ஆங்கிலத்தில். “போன் நிறையும், விசிறி நிற்கும். அந்த மற்ற அடுப்பு அப்படி நின்றது.”

“விசிறிக்குத்தான் முதல் பங்கு. மிச்சம்தான் போனுக்கு,” என்றார் டிலக்ஷி அக்கா. குரல் நேராக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

தண்ணீர் கொதித்தது. முந்நூற்றுப் பதின்மூன்றாவது தடவை. அதை யாரும் கவனிக்கவில்லை. எஸெனாம் அம்மையார் மாவைக் கொட்டினார். பிறகு கீழே பார்த்தார். இரண்டு தகடுகள்.

“இது என்ன?”

“நிற்பதற்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றினார். ஏறி நின்றார். கிண்டத் தொடங்கினார்.

அந்த மெல்லிய உடம்புக்குள் இவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. களி இறுக இறுக, துடுப்பால் அதைப் பானையின் பக்கத்தில் அடித்து, மடித்து, புரட்டி, மறுபடி அடித்தார். றோஸி அக்கா ஒரு தொழிற்காரியின் கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றார். “கை நல்லம்,” என்று எனக்குக் கேட்கச் சொன்னார். விசிறி ஓடியது. சுடர் நீலமாகவே நின்றது. நான் இங்கும் போட்டிருந்த சோக்கட்டிக் கோட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். பதினெட்டு நிமிடம். கோட்டில் மாற்றமில்லை.

அவர் நிறுத்தினார். இறங்கினார். டிலக்ஷி அக்கா மூச்சை விடப் போனார்.

“இப்போது நீ,” என்றார் எஸெனாம் அம்மையார், துடுப்பை நீட்டி.

“நானா?”

“நீ எத்தனை கிலோ?”

“நாற்பத்தாறு.”

“நான் ஐம்பத்தெட்டு. எங்கள் ஊரில் மெல்லிய பெண்களும் சாப்பிடுவார்கள்.”

நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. சட்டகத்தைச் சோதித்தவர்கள் றோஸி அக்காவும் ஒஸ்வால்ட் அண்ணனும். இரண்டுபேரையும் சேர்த்தால் ஒரு சின்ன லொறி. களி இப்போது உச்ச இறுக்கத்தில் இருந்தது. டிலக்ஷி அக்கா செருப்பைக் கழற்றினார். சட்டகத்தில் ஏறுவதற்கு முன், பழக்கதோஷத்தில், குனிந்து தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஸெனாம் அம்மையார் அதை உன்னிப்பாகப் பார்த்தார்.

துடுப்பு முதலில் அசையவேயில்லை.

“தோள்ல இல்ல மிஸ்,” என்றார் றோஸி அக்கா. “இடுப்பால தள்ளுங்க. கால நம்புங்க.”

டிலக்ஷி அக்கா பல்லைக் கடித்துத் தள்ளினார். களி ஒரு பக்கமாகப் பெயர்ந்தது. சட்டகம் ‘ஙீ’ என்று முனகியது. இன்னொரு தள்ளு. அழகே இல்லாத கிண்டல். களி ஒருமுறை அவர் சட்டையில் தெறித்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஐந்து சுற்று, பத்து, இருபது. பானை தன் இடத்தில், அடுப்பு தன் இடத்தில், இரண்டுக்கும் காவலாக நாற்பத்தாறு கிலோ.

“போதும்,” என்றார் எஸெனாம் அம்மையார். பிறகு என்னைப் பார்த்தார். “எவ்வளவு?”

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். “ஒரு மில்லிமீற்றர், மடம். அது கோட்டின் தடிப்பாகவும் இருக்கலாம்.”

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “அந்த வீடியோவில் இருப்பவள் அஃபி,” என்றார். “இருபது பேரில் பத்தொன்பது பேர் இரண்டாம் கிழமையே உங்கள் அடுப்பில் அக்ப்ளே கிண்டுவதைக் கைவிட்டார்கள். அவள் விடவில்லை. புகையில்லை, என் கண் எரியவில்லை, இதைத்தான் பாவிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் நிற்கிற விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் பார்க்கவேண்டும் என்று அவளே எடுக்கச் சொன்ன வீடியோ. பார்த்தீர்களா?”

டிலக்ஷி அக்கா நெற்றியில் ஒட்டிய களியைத் துடைத்தார். “பார்த்தோம்,” என்றார். “விளங்கத்தான் சுணங்கிவிட்டது.”

“மற்ற அடுப்புக்காரரிடமும் பானை நடக்கிறது என்று சொன்னேன். கனமான பானை அனுப்பினார்கள்.” எஸெனாம் அம்மையார் துடுப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “நானூறு. எல்லாம் இந்தச் சட்டகத்தோடு. தகட்டில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், மழைக்காலத்தில் கால் வழுக்கும். எப்போது தரலாம்?”

டிலக்ஷி அக்கா விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார்.

“மார்ச்,” என்றார் றோஸி அக்கா, சுத்தமான ஆங்கிலத்தில். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஒஸ்வால்ட்டுக்கு ஆள் இருக்கு, மிஸ். நீங்க பயப்பிடாம சொல்லுங்க,” என்றார்.

“மார்ச்,” என்றார் டிலக்ஷி அக்கா.

றோஸி அக்கா காலையில் வைத்துக்கொண்டு வந்த நண்டுக் குழம்பைத் திறந்தார். களியைப் பிடித்துப் பிடித்து அதில் தோய்த்துச் சாப்பிட்டோம். சோற்றைத் தவிர வேறெதையும் சாப்பாடு என்று ஏற்காத நான் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். எஸெனாம் அம்மையார் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே, முழுதாக நிறைந்திருந்த ஒரு போனைப் பிடுங்கி ஊருக்கு எடுத்தார். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீடளவு சத்தம். பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். எல்லாரையும் விட ஒரு குரல் மேலே நின்றது.

“அஃபி,” என்றார் எஸெனாம் அம்மையார்.

டிலக்ஷி அக்காவின் கண் கலங்கியிருந்தது. புகையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. “என்ன கேட்கிறார்கள்?”

“நிறம் என்ன என்று.”

நாங்கள் இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முந்நூற்றுப் பதின்மூன்று சோதனை. நிறத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

“கறுப்பு எண்டு சொல்லுங்க மிஸ்,” என்றார் றோஸி அக்கா நண்டுக் கையோடு. “அடுப்புதானே. கரி புடிச்சாத் தெரியாது.”

“இதில கரியே பிடியாது, றோஸி அக்கா.”

றோஸி அக்கா அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பானையின் அடியை விரலால் ஒரு தடவை வழித்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப வெள்ளை எண்டு சொல்லுங்க.”

டிலக்ஷி அக்கா போனை வாங்கி, வெள்ளை என்று சொன்னார். அந்தப் பக்கத்து ஆரவாரத்தில், கீழே சேலைக் கடைக்காரர் வெளியே வந்து மேலே எட்டிப் பார்த்தார்.